கிளிக்கு வந்த இருமல்

எங்கள் கிளிக்கு இருமல் வந்த கதையைக் கேட்காதவர்கள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. கல்யாணமோ காதுகுத்தோ, பந்தி முடிந்து ஆண்கள் வெற்றிலை போட உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் என் அப்பாவைப் பார்த்து, அந்தக் கிளிக் கதையைச் சொல்லுங்க மாமா என்று எடுத்துக் கொடுப்பார். அப்பாவும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். கிளி இருமியதை அவர் நடித்துக் காட்டும்போது சின்னஞ்சிறுசுகள் விழுந்து விழுந்து சிரிக்கும். என் பையனும் சிரித்திருக்கிறான். இத்தனை வருஷம் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாயிற்று. இனிமேல் என்னால் ஆகாது.

முப்பதைத் தாண்டிய நம் வயதுக்காரர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். முன்னறையில் கம்பெனியும் பின்னறையில் குடும்பமுமாக வளர்ந்தவர்கள் நீங்கள். வேஸ்ட் துணி அடைத்த தலையணையில் படுத்து, காலி நூல் கோன்களை அடுக்கி விளையாடி, அட்டைப்பெட்டி மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதியவர்கள். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏற்றுமதிக் கோட்டா ஒழியப்போகிறது, இனி வெளிநாட்டுக்காரன் நம் வாசலில் வந்து வரிசையில் நிற்பான் என்று திருப்பூரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. நான் ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். தறி நெய்த குடும்பம் எங்களுடையது. அப்பா காலத்தில் தறியைப் பிரித்துப் பரணில் போட்டுவிட்டுப் பனியன் பக்கம் வந்துவிட்டோம். சொந்தமாகத் தைக்கிற அளவுக்கு வசதி இல்லை. பெரிய கம்பெனிகளிலிருந்து ஜாப் ஒர்க் வாங்கி, வீட்டு முன்னறையில் கறை எடுக்கிற வேலை செய்துகொடுத்தோம்.

கறை எடுப்பது என்றால் சோப்புப் போட்டுத் தேய்ப்பது இல்லை. தைத்து முடித்த பனியனில் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு பட்டிருக்கும். யாருடைய கட்டைவிரலோ பதிந்திருக்கும். அப்படிப்பட்ட பீஸ்களை மூட்டை கட்டி எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். கையில் பிடிக்கிற கன் ஒன்று உண்டு. அடியில் வேஸ்ட் துணியை விரித்து, கறைக்கு நேராக வைத்து விசையை அழுத்தினால் கெமிக்கல் ஊசி மாதிரி பீய்ச்சி அடிக்கும். கறை கரைந்து கீழே இறங்கிவிடும். கை கொஞ்சம் பிசகினால் அந்த இடத்தில் வட்டமாகத் தடம் நின்றுவிடும். தடம் நின்ற பீஸ் ஒன்று கண்ணில் பட்டாலும் சரக்கு வாங்குகிற பையர் மொத்த லாட்டையும் திருப்பிவிடுவான். என் அம்மா அடித்த பீஸில் ஒரு நாளும் தடம் நின்றதில்லை. அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார், அந்தக் கை ஒன்று இருப்பதால்தான் கம்பெனிக்காரர்கள் நம்மைத் தேடி வருகிறார்கள் என்று. சொல்லிவிட்டு அந்தக் கைக்கு இன்னொரு மூட்டையைத் தூக்கிவந்து போடுவார்.

அந்த அறைக்கு என்று சில சட்டங்கள் இருந்தன. ஜன்னலைத் திறக்கக் கூடாது, ரோட்டுப் புழுதி வெள்ளைப் பீஸில் படியும். மின்விசிறி போடக் கூடாது, இறக்கையில் ஒட்டியிருக்கிற பஞ்சு உதிர்ந்து விழும். சித்திரை மாதத்தில் திருப்பூர் எப்படிக் காயும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில், மூடிய அறைக்குள், டியூப் லைட் வெளிச்சத்தில் அம்மாவும் இன்னும் இரண்டு மூன்று பெண்களும் உட்கார்ந்து கன் அடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாடை முதலில் இனிப்பாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நான் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன்.

இன்னொரு சட்டமும் இருந்தது. மேஜையில் உட்கார்ந்து யாரும் இருமவோ தும்மவோ கூடாது. எச்சில் தெறித்தால் பீஸ் மறுபடி கறையாகிவிடும். இருமல் வந்தால் எழுந்து பொடக்காலிக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். பொடக்காலி என்றால் வீட்டுப் பின்பக்கம், குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இருக்கிற இடம். இந்தச் சட்டத்தைப் போட்டது அப்பாதான். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

பொடக்காலியில்தான் கிளிக் கூண்டு தொங்கியது.

அந்தக் கிளியைக் கொண்டுவந்தது எங்களிடம் வேலை பார்த்த தெற்கத்தி அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவர். ரோடு அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டியபோது பொந்திலிருந்து விழுந்த குஞ்சு. இறகுகூடச் சரியாக முளைக்காத அதைத் துண்டில் சுருட்டி எடுத்துவந்து அம்மா மடியில் போட்டார். அம்மா பொட்டுக்கடலை மாவைக் கரைத்து, இங்க் பில்லரில் எடுத்து ஊட்டி ஊட்டி வளர்த்தார். பேர் எதுவும் வைக்கவில்லை. அம்மா அதையும் கண்ணு என்றுதான் கூப்பிட்டார், என்னையும் கண்ணு என்றுதான் கூப்பிட்டார். கூப்பிட்டது யாரை என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

இரண்டு வருஷத்தில் கழுத்தில் வளையம் விழுந்து, வால் நீண்டு, பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. காகிதக் கோனைக் கொடுத்தால் உட்கார்ந்து நார் நாராகக் கிழித்துப் போடும். மிளகாய்ப் பழத்தைக் காலில் பிடித்துக்கொண்டு கடிக்கும். தெற்கத்தி அக்கா அதற்கு "மொதலாளி வாராரு" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அப்பா பொடக்காலிக்குள் கால் வைத்ததும் அது அப்படிச் சொல்லும். அப்பா பூரித்துப்போவார். எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனிகளின் வாட்ச்மேன்கூட அவரை மொதலாளி என்று கூப்பிட்டதில்லை. ஒரு கிளி கூப்பிட்டால் யாருக்குத்தான் இனிக்காது.

அந்த லீவில் ஒரு நாள் நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். தலைக்குமேல் யாரோ இருமினார்கள். இரண்டு சின்ன இருமல், பிறகு நெஞ்சைப் பிடுங்குகிற மாதிரி நீளமாக ஒன்று, மூச்சை உள்ளே இழுக்கிற விசில் சத்தம். கடைசியில் தேய்ந்த குரலில், "முருகா." நிமிர்ந்து பார்த்தால் கிளி. கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குறுக்கி, மறுபடியும் அதே மாதிரி இருமியது. கிளி சாகப்போகிறது என்று கத்திக்கொண்டே முன்னறைக்கு ஓடினேன்.

அப்பா வந்து கேட்டார். அவர் முகம் மாறிவிட்டது. என்ன கொடுத்தாய் என்று என்னைக் கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். முந்தின நாள் நான் குச்சி ஐஸ் தின்றதை அவர் பார்த்திருந்தார். அவ்வளவுதான், நான்தான் கிளிக்கு ஐஸைத் தின்னக் கொடுத்து நெஞ்சில் சளி கட்ட வைத்துவிட்டேன் என்று முடிவு கட்டிப் பிடரியில் ஒன்று வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் கொடுக்கவில்லை. அந்த அடி இன்னும் எனக்கு வலிக்கிறது. கதை சொல்லும்போது அப்பா இந்த இடத்தையும் விடாமல் சொல்வார். "இவதான் ஐஸ் குடுத்துட்டான்னு நெனச்சு ஒண்ணு போட்டேன் பாருங்க" என்பார். அங்கேயும் ஒரு சிரிப்பு விழும்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்த வைத்தியத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து ஊற்றினோம். தூதுவளை, மிளகு, துளசி எல்லாம் போயிற்று. குளிர் தாக்காமல் இருக்கக் கூண்டைச் சுற்றி, ஸ்வெட்டர் தைக்கிற ஃபிளீஸ் துணி கட்டினோம். சித்திரை வெயிலில் ஃபிளீஸ். அதுவும் பத்தாது என்று அப்பா மெடிக்கலுக்குப் போய், குழந்தைக்கு என்று சொல்லி இருமல் சிரப் வாங்கி வந்தார். சிவப்பு நிறம், மூடியே அளவுக் குப்பி. கிளி அதைத் துப்பியதே தவிர ஒரு சொட்டு விழுங்கவில்லை.

அந்த சிரப் பாட்டில் பொடக்காலி ஜன்னல் விளிம்பில் பல நாள் நின்றது. கிளி மருந்து, தொடாதே என்று எனக்கு உத்தரவு. அம்மா அதற்குப் பக்கத்தில் நின்றுதான் தினமும் இருமினார். இலையை இடித்துச் சாறு பிழிந்ததும் அம்மாதான். பிழிந்து முடித்துக் கையில் ஒட்டியிருப்பதை நக்கிக்கொள்வார். நக்கிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கொஞ்சம் இருமிவிட்டு, கன் அடிக்கப் போய்விடுவார். நான் கண்ணால் பார்த்தேன். அப்பா பார்த்தார். ஒருத்தர் புத்தியிலும் அது ஏறவில்லை. அம்மா இருமுவது குழாயில் தண்ணீர் சொட்டுவது மாதிரி, வீட்டில் இருக்கிற ஒரு சத்தம். கிளி இருமுவதுதான் சேதி.

அந்த வாரமே தெற்கத்தி அக்கா வேலையை விட்டுவிட்டார். போகும்போது அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "எனக்கு முடியலக்கா. மூச்ச இழுத்தா குத்துது. நான் பவர் டேபிளுக்கே போயிருதேன். நீங்களும் வேற எதாம் பாருங்க." பவர் டேபிள் என்றால் தையல் மெஷின் வேலை. சொந்த வீட்டு வேலையை விட்டு அம்மா எங்கே போவார்? அப்பா மட்டும் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார். ஷிப்மெண்ட் சமயம் பார்த்துக் கழுத்தறுத்துவிட்டாள் என்றார். அந்த அக்காவின் மூட்டையும் அம்மா மேஜைக்கு வந்தது. அதுவரை அம்மா பார்த்துவந்த ஒன்றரை ஷிப்ட் இரண்டு ஷிப்ட் ஆனது.

காங்கேயத்திலிருந்து அத்தை வந்தார். அப்பாவுக்கு அக்கா. அவர்களுக்கு அங்கே தேங்காய்க் களம் இருந்தது, கொப்பரை காயப்போட்டு எண்ணெய் ஆட்டுகிறவர்கள். கழுத்து நிறைய நகை, நெற்றி நிறைய விபூதி. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் முருகன்தான் என்றாலும் அத்தைக்கு முருகன் கொஞ்சம் கூடுதல். பொடக்காலிக்குக் கை கழுவப் போனவர் கிளி இருமியதைக் கேட்டார். இருமி முடித்து அது முருகா என்றதும், அப்படியே கழுவிய கையோடு கும்பிட்டுவிட்டார்.

இத்தனை அவஸ்தையிலும் அப்பனைக் கூப்பிடுகிறதே, இது சாதாரணக் கிளி இல்லை என்று அத்தை சொன்னதும் வீட்டுக் காற்றே மாறிவிட்டது. அப்பாவுக்குப் புல்லரித்துவிட்டது. தெருவில் இருந்தவர்கள் வந்து பார்த்தார்கள். யாரோ ஒருவர் கூண்டில் வேல் படம் மாட்டினார். கிளி யாரையும் ஏமாற்றவில்லை, கேட்கும்போதெல்லாம் இருமியது, இருமலுக்கு ஒரு முருகா வீதம் சொன்னது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிவன்மலைக்குக் கொண்டுபோய் முருகன் சந்நிதியில் வைத்தால் சரியாகிவிடும் என்று அத்தை தீர்ப்புச் சொன்னார்.

அம்மா வரவில்லை. வேலை இருந்தது. கூண்டை வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "பாத்துக் கூட்டிட்டுப் போங்க, காத்தடிக்கிற பக்கம் வெக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். நானும் அப்பாவும் அத்தையும் பஸ்ஸில் போனோம். கூண்டு என் மடியில். மலையில் கிருத்திகைக் கூட்டம். கூண்டை சந்நிதிக்கு எதிரில் தூக்கிப் பிடித்தார் அப்பா. கிளி ஜனக்கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய்த் தொடர்ச்சியாக இருமியது. இரண்டு சின்னது, ஒன்று நீளம், விசில், முருகா. சுற்றி நின்றவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மாள் அழுதே விட்டார். எனக்கும் அழுகை வந்தது. எப்படியாவது இதைக் காப்பாற்றிக் கொடு என்று நானும் கண்ணை இறுக்கி மூடி வேண்டிக்கொண்டேன்.

மலையிலிருந்து இறங்கி அத்தை வீட்டுக்குப் போனோம். அன்றைக்கு அவர்கள் வீட்டுச் சினைமாட்டைப் பார்க்க மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்திருந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனுஷி. மாட்டைப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் அத்தை கூண்டைக் கொண்டுபோய்க் காட்டினார். அவர் கிளியை வெளியே எடுத்து இறக்கையை விரித்துப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு கூண்டுக்குள் விட்டுவிட்டு, அது இருமுகிறவரை சும்மா நின்றார். இருமியது. முருகா என்றது. டாக்டரம்மா லேசாகச் சிரித்தார்.

"கிளிக்கு ஒரு நோயும் இல்லீங்க. நல்லா இருக்குது. இது யாரோ இருமறதக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்குது. உங்க ஊட்ல யாருக்குங்க இருமல்?"

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நடிக்கவில்லை. "எங்க ஊட்ல யாருக்கும் இருமல் இல்லீங்களே" என்றார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. காது கேட்க ஆரம்பித்த மாதிரி இருந்தது. இரண்டு சின்னது, ஒன்று நீளம், விசில். பொடக்காலிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, முடிக்கும்போது முருகா என்று நெஞ்சைத் தடவிக்கொள்கிற என் அம்மா. மலையில் அத்தனை பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டது அந்த இருமலுக்குத்தான்.

"அம்மாவுக்கு" என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் சொன்னார். "ஓ, அதுங்களா. அது கெமிக்கல் வாடைக்கு வர்றதுங்க. கறை எடுக்கற வேலைல எல்லாருக்கும் வர்றதுதானுங்க."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனை நாளாக இருமல், என்ன கெமிக்கல், அறையில் காற்று வருமா என்றெல்லாம் கேட்டார். அப்பா பாதிக்குத்தான் பதில் சொன்னார். "நான் மாட்டு டாக்டருங்க. அவங்கள நாளைக்கே கூட்டிட்டுப் போயி நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுங்க. மொதல்ல அந்த ரூம்ல இருந்து வெளிய கூட்டியாங்க" என்றார். அப்புறம் கிளம்பும்போது ஞாபகம் வந்தவராக, பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பதே சட்டப்படி தப்பு, ஃபாரஸ்ட்காரர்கள் பார்த்தால் கேஸ் போடுவார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது சொல்லுங்கள். ஒரு படித்த மனுஷி இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். ஒன்று பெண்டாட்டியைப் பற்றி, ஒன்று கிளியைப் பற்றி. எங்கள் அப்பாவின் காதில் எது விழுந்திருக்கும்?

டாக்டரம்மா படி இறங்கியதும் அப்பாவும் அத்தையும் கலந்து பேசினார்கள். கேஸ் என்ற வார்த்தை அப்பாவை ஆட்டி வைத்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் வந்து போகிற வீடு, யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்றார். அத்தை, இங்கேயே இருக்கட்டும், களத்தில் அவிழ்த்து விட்டுவிடலாம், நல்ல காற்று, கொப்பரை கொறித்துக்கொண்டு சுற்றட்டும் என்றார். "அங்க இருந்தா அந்த இருமலத்தான கத்துக்கும்" என்று அப்பா ஒத்துக்கொண்டார். ஆக, இருமுகிற ஆளிடமிருந்து கிளியைப் பிரித்தார்கள். வாடையில் உட்கார்ந்து இருமுகிற ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எக்ஸ்ரே என்ற பேச்சே எழவில்லை. நான் ஒரு தடவை இழுத்தேன், பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசாதே என்று அத்தை சொன்னார்.

காலிக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தோம். அப்பாவுக்கு ஒரே குஷி. கிளிக்கு நோய் இல்லை, கேஸும் இல்லை. முன்னறைக்குள் நுழைந்ததும் அத்தனை பெண்களுக்கும் நடுவில் நின்று கதையை முதல்முதலாகச் சொன்னார். கிளி அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. கன்னைக் கீழே வைத்துவிட்டுப் பொடக்காலிக்கு ஓடினார். அதைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

நான் பின்னாலேயே போனேன். அம்மா இருமி முடித்துவிட்டு, கூண்டு தொங்கிய வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், அந்த அறையை விட்டு வரச் சொன்னார் என்றேன். அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. தன் இருமல் தனக்குத் தெரியாதா? கிளி இருமிய முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

"கிளி இனி வராதா?" என்று கேட்டார். வராது என்றேன்.

"அதுக்காவது நல்ல காத்து கெடைக்கட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டாக்டரம்மா சொன்னதில் கிளியைப் பற்றிய பாதியை எங்கள் வீட்டார் அட்சரம் பிசகாமல் செய்தார்கள். கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். களத்தில் கிளி இஷ்டத்துக்குத் திரிந்தது. கொஞ்ச நாள் அங்கேயும் இருமியதாம். பிறகு மாட்டைக் கூப்பிடுகிற சத்தம், மட்டை உரிக்கிற சத்தம் என்று வேறு வேறு கற்றுக்கொண்டு இருமலை மறந்துவிட்டதாம். அத்தை போன் போட்டு, கிளிக்குச் சுத்தமாகக் குணமாகிவிட்டது, எல்லாம் முருகன் செயல் என்று சொன்னார். அப்பா நன்றி சொல்லி மலைக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தார். ஒரு ஆடி மாதம் காட்டுக் கிளிகள் கூட்டமாக வந்தபோது அதுவும் சேர்ந்து பறந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த வீட்டில் அம்மா இருமுவதை உட்கார்ந்து கேட்ட ஒரே ஜீவன் அது.

அம்மா நான் காலேஜ் முடிக்கிறவரை அந்த மேஜையில் இருந்தார். மாடிப்படி ஏற முடியாமல் போய், பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கி, ஒரு நாள் கன்னைப் பிடித்தபடியே சாய்ந்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர், இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அப்பா வேலை என்றார். வேறு என்ன சொல்வார்? கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஒரு கிளிக்காக மெடிக்கலுக்கும் மலைக்கும் ஓடத் தெரிந்த மனிதர்தான் அவர். அந்த ஓட்டத்தில் கால்வாசி அம்மாவுக்காக ஓடியிருந்தால் என்ன என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இப்போது அம்மா தலைமாட்டில் புகை மருந்து மெஷின் வைத்துக்கொண்டு, இரண்டு தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

போன மாதம் காங்கேயத்தில் அத்தை மகன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். பளிங்குத் தரை போட்ட பெரிய கூடம். சாப்பாடு முடிந்து எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்ததும், வழக்கம்போல ஒருவர் எடுத்துக் கொடுக்க, வழக்கம்போல அப்பா ஆரம்பித்தார். ஐஸுக்குச் சிரித்தார்கள். சிரப்புக்குச் சிரித்தார்கள். கிளி மாதிரி உடம்பைக் குறுக்கி அவர் இருமிக் காட்டி முருகா என்றதும் கூடமே அதிர்ந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரத்தில் வீட்டுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. இரண்டு சின்ன இருமல், நீளமாக ஒன்று, மூச்சை இழுக்கிற விசில்.

"கிளி வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் எல்லாம் பின்பக்கம் ஓடின. என் பையன்தான் முதலில் ஓடினான். பெரியவர்கள் அதற்கும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் மட்டும் மெதுவாகத் திரும்பி வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"அம்மா, கிளி இல்லம்மா. அம்மாயி."

எழுந்து போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், புது வீட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அம்மா இருமிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் மேஜை இல்லை. வெள்ளைப் பீஸ் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இருமல் வந்ததும் எழுந்து பின்பக்கம் வந்திருக்கிறார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். "விடு கண்ணு, எல்லாரும் சிரிச்சுப் பேசீட்டு இருக்கறாங்க" என்று இழுத்துக்கொண்டார். விடவில்லை. கூடத்துக்கு நடுவில், அப்பாவுக்கு நேர் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன்.

"இங்கயே இருமுங்கம்மா" என்றேன்.

அம்மா முடிந்தவரை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. இருமினார். நீளமாக இருமினார். முடித்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு முருகா என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.